வெப்லேட்: ஒரு புரூஃப் ரீடரின் அனுபவம்

மதுரையில் ஓர் அச்சகத்தில் 22 வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், வினாத்தாள் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். நிரல் எழுத ஒரு வரி தெரியாது. ஆனாலும் எட்டு மாதமாகக் கட்டற்ற மென்பொருள்களில், அதாவது யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்களில், என் வேலையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு வழி செய்தது வெப்லேட், மென்பொருளில் வரும் வாசகங்களை மொழிபெயர்க்க உதவும் இணையதளம்.

தொடங்கி வைத்தது எங்கள் அச்சகத்தில் டிடிபி செய்யும் தம்பி. அவன் போனில் ஒரு செயலி. தேடல் பெட்டியில் அடித்ததை அழிக்கும் பொத்தானுக்குத் 'தெளிவு' என்று போட்டிருந்தது. ஆங்கிலத்தில் 'கிளியர்' என்று மட்டும் பார்த்துவிட்டு யாரோ எழுதியது. எனக்குக் கை துறுதுறுத்தது. "அக்கா, இதை நீங்களே திருத்தலாம்" என்று வெப்லேட்டைத் திறந்து கொடுத்தான். மேலே ஆங்கில வாசகம், கீழே தமிழுக்கு ஒரு பெட்டி. 'அழி' என்று அடித்துச் சேமித்தேன். அவ்வளவுதான்.

மற்ற வழியில் போனால் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' என்ற கருவியைக் கற்க வேண்டும், கோப்பின் வடிவம் புரிய வேண்டும். இங்கே அந்தப் பாரத்தைத் தளமே சுமக்கிறது. நாம் சேமித்ததை நம் பெயரிலேயே மூலநிரலோடு சேர்க்கிறது. சில நாள் கழித்துத் தம்பி அந்தச் செயலியின் மாற்ற வரலாற்றைக் காட்டினான். நிரலாளர்களின் பெயர்களுக்கு நடுவே என் பெயர், தேதியோடு. நான் திருத்திய எந்தப் புத்தகத்திலும் என் பெயர் வந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் காட்டினேன்.

2012இல் செக் நாட்டு நிரலாளர் மிஹால் சிஹார்ஷ் தொடங்கியது இது. வெப்லேட்டே கட்டற்ற மென்பொருள்தான். கட்டற்ற செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டு, யூடியூப் பார்க்க உதவும் நியூபைப் போன்ற செயலிகளின் மொழிபெயர்ப்பு இதில்தான் நடக்கிறது. ஆவணம், கணக்குத்தாள் எல்லாம் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸும் தனக்கென்று ஒரு வெப்லேட் வைத்திருக்கிறது. மொழிபெயர்க்கிறவருக்குக் காசு செலவு கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் சோதனைகள். ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி இருந்து தமிழில் விட்டுப்போனால் சொல்லும். இரண்டு இடைவெளி விழுந்தால் சொல்லும். ஒரே வாசகத்தை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தாலும் காட்டும். நான் சிவப்பு மையில் செய்த வேலையில் பாதி இது. சதவீதக் குறியோடு வரும் இடநிரப்பியை மட்டும் ஒருபோதும் தொடக் கூடாது. செயலி ஓடும்போது கோப்பின் பெயரோ எண்ணோ வந்து உட்காரும் இடம் அது. எழுத்துப்பிழை என்று நினைத்து ஒருமுறை அழித்துவிட்டேன். உடனே எச்சரிக்கை வந்தது.

அந்த இடநிரப்பியில்தான் தமிழுக்கே உரிய சிக்கலும் இருக்கிறது. 'படம்' என்றால் 'படத்தை' ஆக வேண்டும். 'பாடல்' என்றால் 'பாடலை'. எந்தப் பெயர் வரும் என்று தெரியாமல் வேற்றுமை உருபை எப்படி ஒட்டுவது? வெறுமனே 'ஐ' போட்டால் 'படம்ஐ நீக்கவா?' என்று திரையில் நிற்கும். நான் பெயரை முன்னால் தனியாக விட்டு, முக்காற்புள்ளி வைத்து, 'இதை நீக்கவா?' என்று எழுதுகிறேன். இந்த மாதிரி இடத்தில் நிரல் அறிவு உதவாது, தமிழ் இலக்கணம் தெரிந்தவர்தான் வேண்டும். தமிழாசிரியர்களும் புரூஃப் பார்ப்பவர்களும் வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒவ்வொரு வாசகத்தின் கீழும் கருத்து எழுதலாம். நான் 'பதிவிறக்கம்' என்று போட்ட இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் 'தரவிறக்கம்' என்பதுதான் தங்களுக்குப் பழக்கம் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே தமிழ்க் கோப்பு. பேசி, அந்தச் செயலியில் முன்பே இருந்த சொல்லையே தொடர முடிவு செய்து, சொற்பட்டியலில் ஏற்றினோம்.

புதிதாக வருகிறவர்கள் கணக்குத் தொடங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். பெயரோடு மின்னஞ்சல் முகவரியும் மாற்ற வரலாற்றில் பதிவாகும், எல்லோரும் பார்க்கலாம். அந்தப் பதிவுக்கு எந்த முகவரி போக வேண்டும் என்பதை அமைப்புகளில் முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

திட்டம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கேட்பு உண்டு. 'ஓபன்' என்று ஒற்றைச் சொல் வரும். திற என்பதா, திறந்திருக்கிறது என்பதா? ஒரு திட்டத்தில் கேட்டேன், மூன்றாம் நாள் பதில் வந்தது. இன்னொன்றில் ஐந்து மாதமாகப் பதில் இல்லை. நான் கொடுத்த நாற்பது பரிந்துரைகளும் அப்படியே கிடக்கின்றன. வாசகத்தோடு அது வரும் திரையின் படத்தை (ஸ்கிரீன்ஷாட்) இணைக்கும் வசதி வெப்லேட்டில் இருக்கிறது. தயவுசெய்து இணையுங்கள். பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணில் பட்டால் நாங்கள் கேட்கவே வேண்டியிருக்காது.