கில்ட்டுக்குக் கீழே என்ன போடலாம்: பூட்ஸா, புரோக்கா, கேன்வாஸா?

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடைபோல் இடுப்பில் சுற்றிக்கட்டும் மடிப்பு வைத்த உடை. கல்யாணத்துக்கு அதை உடுத்துவதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ ஒரு வாடகைக் கடைக்குள் நுழைந்தால் போதும், ஜாக்கெட்டிலிருந்து ஷூ லேஸ் வரை அவர்களே எடுத்து வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பப்புக்கோ கால்பந்து ஆட்டத்துக்கோ ஒரு டீ-ஷர்ட்டோடு கிளம்பும்போதுதான் முழங்காலுக்குக் கீழே என்ன போடுவது என்ற கேள்வி வரும். பேன்ட் போட்டால் சாக்ஸை யார் பார்க்கிறார்கள்? கில்ட்டின் விளிம்போ முழங்கால் நடுவிலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள எல்லாமே கண்ணில் படும்.

எட்டு கஜம் கம்பளியில் தைத்த பாரம்பரியக் கில்ட் இரண்டு கிலோ அளவுக்கு எடை இருக்கும். முன்பக்கம் தட்டை, பின்பக்கம் முழுக்க ஆழமான மடிப்புகள். இடுப்பில் இவ்வளவு துணி இருக்கும்போது காலில் மெல்லிசாக எதையாவது மாட்டினால் ஆள் மேலே பருத்து, கீழே சிறுத்துத் தெரிவார். அதனால் சாக்ஸையும் ஷூவையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மேலே உள்ள துணிக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதுதான் என் அளவுகோல்.

கில்ட் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கில்லி புரோக். நாக்கு இல்லாத கறுப்புத் தோல் ஷூ. நீளமான லேஸை முறுக்கி, கணுக்காலுக்கு மேலே சுற்றி முடிச்சுப் போட்டு, நுனியில் உள்ள குஞ்சங்களைத் தொங்கவிடுவார்கள். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலண்ட்ஸில், சதுப்பு நிலத்தில் நடப்பவர்களுக்குத் தண்ணீர் வடிந்து சீக்கிரம் காய்வதற்காக வந்த வடிவம் என்று சொல்வார்கள். இன்று அது விசேஷ வீட்டுச் ஷூ. வெல்வெட் காலரோ வெள்ளிப் பொத்தானோ உள்ள ஜாக்கெட்டோடு மிக அழகாக இருக்கும். டீ-ஷர்ட்டோடு போட்டால், கல்யாண உடையில் பாதியைக் கழற்றிவிட்டு வந்ததுபோல் ஆகிவிடும். நடக்க நடக்க லேஸ் நழுவிக் கணுக்காலில் இறங்கும், நடுவழியில் குனிந்து கட்ட வேண்டும். மழை வந்தால் சாக்ஸ் நேராக நனையும். ஸ்காட்லாந்தில் மழை வராத சனிக்கிழமையை நம்பிக் கிளம்ப முடியாது. கில்லியோடு ஜோடியாக வரும் க்ரீம் நிற நீள சாக்ஸுக்கும் இதே தீர்ப்புதான். ஒரே சேற்றுத்துளி போதும், அன்று முழுக்க அதுதான் தெரியும்.

அடுத்தது சாதாரண புரோக், அதாவது துளை வேலைப்பாடு உள்ள தோல் ஷூ. அதோடு முழு நீள ஹோஸ், அதாவது முழங்கால் வரை வரும் சாக்ஸ். இது நல்ல ஜோடி. ட்வீட் ஜாக்கெட்டோ நல்ல ஸ்வெட்டரோ போட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் இதைவிடச் சிறந்தது இல்லை. பழுப்புத் தோல் புரோக் இருந்தால் பெல்ட்டும், இடுப்புக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற பையும் பழுப்பிலேயே இருக்கட்டும். ஹோஸ் நிறத்தை டார்டனில், அதாவது கில்ட் துணியின் கட்டங்களில், அடங்கிக் கிடக்கும் ஒரு நிறத்திலிருந்து எடுங்கள். பளிச்சென்ற சிவப்புக் கட்டம் இருந்தாலும் அதன் பின்னணியில் உள்ள பாசிப்பச்சையோ கருநீலமோதான் காலுக்கு இதமாக இருக்கும். ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் கரிச்சாம்பல் நிறம் எல்லா டார்டனோடும் ஒத்துப்போகும்.

ஹோஸைப் போடுவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. முதலில் முழங்கால் வரை முழுக்க இழுத்துவிடுங்கள். ஆடுசதைக்கு மேலே, கால் கொஞ்சம் ஒடுங்கும் இடத்தில், சாக்ஸ் இறங்காமல் பிடிக்கும் பட்டையான கார்ட்டரைக் கட்டுங்கள். அப்புறம் மேல்பகுதியை அதன்மேல் மடித்துவிடுங்கள். மடிப்பின் மேல்விளிம்புக்கும் முழங்கால் சில்லுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி வேண்டும். கார்ட்டரிலிருந்து தொங்கும் ஃபிளாஷ் துணி, காலின் வெளிப்பக்கம், சற்றே முன்னால் தெரியட்டும். கார்ட்டரைச் சதையின் பருத்த இடத்தில் கட்டினால் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து கீழே வந்துவிடும்.

என் ஓட்டு பூட்ஸுக்குத்தான். கனமான தோல் பூட்ஸ், அதன் வாயில் சுருக்கி இறக்கிய தடித்த கம்பளி சாக்ஸ். 2024 ஜூன் 14 அன்று மியூனிக்கில் யூரோ கோப்பையின் முதல் ஆட்டத்துக்கு முன்னால் நகரத்தை நிறைத்த ஸ்காட்லாந்து ரசிகர்களை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்தில் 5-1 என்று தோற்றார்கள், ஆனால் இந்த உடை நாள் முழுக்க நிற்கவும் நடக்கவும் ஆடவும் எவ்வளவு தோது என்பதை அந்தக் கூட்டம் காட்டியது. மலையேற்ற பூட்ஸ் இருந்தால் புதிதாக வாங்கவே வேண்டாம். டாக் மார்ட்டென்ஸ் நிறுவனத்தின், லேஸுக்கு எட்டுத் துளை உள்ள 1460 பூட்ஸ் இன்னொரு நல்ல தேர்வு. 1960 ஏப்ரல் 1 அன்று வெளிவந்ததால் அதற்கு அந்த எண். தொழிலாளிகளின் காலுக்காக வந்த பூட்ஸ் என்பதால் கில்ட்டின் முரட்டுக் கம்பளியோடு இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது.

சாக்ஸைச் சுருக்குவது என்றால் ஏனோதானோ என்று விடுவது இல்லை. முழுக்க மேலே இழுத்து, பிறகு இரண்டு கையாலும் கீழே தள்ளி, பூட்ஸ் விளிம்புக்கு மேல் இரண்டு மூன்று மடிப்பாக நிறுத்த வேண்டும். இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கம்பளியும் கொஞ்சம் நைலானும் கலந்தது அப்படியே நிற்கும். பருத்தி சாக்ஸ் தொய்ந்து பூட்ஸுக்குள் போய்விடும். இந்தக் கோலத்துக்குக் கார்ட்டரும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். சாக்ஸில் செருகும் ஸ்கீன் டூ என்ற சிறு கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேசிய உடையின் பகுதி என்று சட்டம் அதற்கு இடம் கொடுத்தாலும் கால்பந்து மைதானத்து வாசலில் அந்த வாதம் எடுபடாது.

கேன்வாஸ் ஷூ, ட்ரெயினர் என்ற விளையாட்டு ஷூ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து கஜத்துக் கில்ட் அல்லது பருத்தித் துணியில் தைத்த லேசான கில்ட்டோடு, வெயில் காலத்தில், சரி. கறுப்போ சாம்பலோ, ஒரே நிறமாக இருக்கட்டும். ஷூவுக்குள் மறையும் குட்டி சாக்ஸைத் தவிருங்கள். கால் மொட்டையாக நிற்கும். எட்டு கஜத்தோடு கேன்வாஸ் எடுபடாது.

செருப்பு? கடற்கரைக்குப் போகிறீர்கள் என்றால் போடுங்கள். வேறெங்கும் வேண்டாம்.

பூட்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் உயரம் போதும். அதற்கு மேலே ஏறினால் ஆடுசதையின் வளைவு மறைந்து கால் குட்டையாகத் தெரியும். குள்ளமானவர்கள் ஆறு துளை பூட்ஸைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கடைக்குப் போகும்போது கில்ட்டையும் தடித்த சாக்ஸையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பேன்ட்டோடு போட்டுப் பார்த்து வாங்கிய பூட்ஸ், தடித்த கம்பளி சாக்ஸோடு பெரும்பாலும் அரை அளவு இறுக்கமாக இருக்கும்.