அடிபட்ட காரை வைத்துக்கொள்ளச் சொல்லி 2,60,000 ரூபாயை முழுங்கிய ஒர்க்‌ஷாப் – உஷார்

நேற்றுதான் முழு விவரமும் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அப்புறம் நாசூக்காக எழுதத் தோன்றிவிடும். 2,60,000 ரூபாய்!

மதுராந்தகம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் முன்னால் போன லாரி சடன் பிரேக் போட, என் ஹேட்ச்பேக் அதன் பின்னால் போய்ச் செருகிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, முன்பக்க ஏர்பேக் இரண்டும் வெடித்துக் காப்பாற்றின. நாலு வருட வண்டி, பாலிசியில் ஐடிவி, அதாவது வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்ட மதிப்பு, 4,80,000. கம்பெனி சர்வீஸ் சென்டர் போட்ட எஸ்டிமேட் 4,10,000. பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுசாகப் போனதாகவே கணக்கு, சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயரும் அதைத்தான் சொன்னார். வண்டியை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்தால், கட்டாயப் பிடித்தம் ஆயிரம் போக 4,79,000 கிடைக்கும். உடைந்த வண்டியை நாமே வைத்துக்கொண்டால், அதற்குப் பழைய வண்டி வியாபாரிகள் கேட்டிருந்த 1,70,000-ஐயும் கழித்து 3,09,000 தருவார்கள்.

ஒப்படைக்கலாம் என்றுதான் இருந்தோம். அப்போதுதான் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பைத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். முதலாளி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், நாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். "சத்தம் கேட்டீங்களா சார்? பில்லர் அசையல, ரூஃப் மடங்கல. இந்த வண்டியப் போய் காயலான் கடைக்கு அனுப்புவாங்களா?" என்றார். பக்கத்தில் வேலை முடிந்து நின்ற அதே மாடல் வண்டியைக் காட்டி, பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் என் விரலைப் பிடித்து ஓட்டிக் காட்டினார், ஒரே சீராக இருந்தது. டீ வந்தது. மொத்தம் 2,60,000, ஏர்பேக் இரண்டும் புதுசு, சீட் பெல்ட் புதுசு, முன்பக்க கிராஸ்மெம்பர் (சட்டத்தின் குறுக்குக் கட்டை) புதுசு, இன்சூரன்ஸ் பணத்தில் உங்களுக்கு 49,000 மிச்சம், வண்டியும் உங்களுக்கே. எழுதியே கொடுத்தார், பேடில், பேனாவால். ஜிஎஸ்டி பில் டெலிவரி அன்றைக்கு என்றார். பணத்தை அவர் மனைவி பேரில் இருந்த கணக்குக்குப் போடச் சொன்னார், குடும்பத்தோடு நடத்துகிற தொழில், அதனால்தான் என்று காரணமும் சொன்னார்.

வண்டி பளபளவென்று வந்தது. எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும், விட்டால் இடது பக்கம் இழுக்கும். போன் செய்தால், "புது பார்ட்ஸ் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." ஓடியது, செட் ஆகவில்லை. "அலைன்மென்ட் பண்ணவன் சரியில்ல." வேறு இடத்தில் பண்ணினேன், அளவே உட்காரவில்லை என்றார்கள். "டயர் மாத்திப் பாருங்க." முன் இடது டயர் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்ததும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன்.

அங்கே ஸ்டியரிங் நடு மூடியைக் கழற்றிக் காட்டினார்கள். உள்ளே புது ஏர்பேக் இல்லை, அன்றைக்கு வெடித்த அதே பையைச் சுருட்டித் திணித்து மேலே டூப்ளிகேட் மூடியை ஒட்டியிருக்கிறார்கள். ஏர்பேக் கனெக்‌ஷன் வர வேண்டிய இடத்தில் கருப்பு டேப் சுற்றிய ஒரு குட்டி ரெசிஸ்டர், 2 ஓம். ஏர்பேக் கம்ப்யூட்டர் அந்தத் தடையைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொள்ளுமாம், அதனால்தான் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவே இல்லை. அதாவது இத்தனை நாளாக என் மகளை ஏர்பேக்கே இல்லாத முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். கிராஸ்மெம்பரும் பழசுதான், அடித்து நிமிர்த்திப் பெயின்ட் அடித்தது. இதற்குத்தான் 2,60,000.

போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". நேரில் போனபோது ஊரில்தான் இருந்தார். "கம்பெனிக்காரன் அப்படித்தான் சார் பயமுறுத்துவான்" என்று ஆரம்பித்தவர், நான் விடாமல் கேட்டதும், "பில் இருக்கா? என் ஒய்ஃப் அக்கவுன்ட்ல போட்டது கைமாத்துன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். கதவு சத்தம் கேட்க வைத்த அதே ஆள்!

கூத்து இதோடு முடியவில்லை. டோட்டல் லாஸ் பணம் வாங்கியதும் பழைய பாலிசி முடிந்துவிட்டது. புதிதாகக் கேட்ட இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியைப் பார்த்துவிட்டு தேர்ட் பார்ட்டி (அடுத்தவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு) மட்டும் தருகிறேன் என்கிறது. விற்கலாம் என்றால், இந்த ரெசிஸ்டரை மறைத்து இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

என்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஏர்பேக் வெடித்த வண்டியை வைத்துக்கொள்ளும் முன், ஏர்பேக், மாட்யூல் (ஏர்பேக் கம்ப்யூட்டர்), சீட் பெல்ட் மூன்றுக்கும் கம்பெனி விலையைத் தனியாகக் கேளுங்கள், அங்கேயே பாதி ஆசை போய்விடும். புது பார்ட்ஸின் பில்லும் கழற்றிய பழைய பார்ட்ஸும் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். பணம் கடை பேரில் உள்ள கணக்குக்கு மட்டும். வண்டியை ஒப்படைக்கிறவர்கள் ஆர்சி பெயர் மாறியதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் ஆர்சியில் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. பேனாவால் எழுதிய அந்தத் தாள், பணம் அனுப்பிய ஜிபே விவரம், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட், மூன்றும் கையில் இருக்கின்றன. இதே மாதிரி மாட்டி, ஆணையத்தில் ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மனு எழுத உதவும்.