எடை தெரியாத கல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்: தோட்டக்கல் வேலையில் நடக்கும் ஏமாற்று

வீட்டு முன்புறத்தில் பாறாங்கல் போட்டு இயற்கையான தோட்டம் அமைக்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வேளச்சேரியில் ஒரு தனி வீட்டில் ஐப்பசி மாதம் நடந்த வேலை இது. ஒப்பந்தக்காரர் பெயரைப் போடவில்லை. இதே முறையில் வேலை செய்கிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் ஆளைவிட அந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

பேசியது 11 உருண்டைக் கல். டன் கணக்கில் விலை. "இறக்கி வெச்சுக் குடுத்துடுறோம்மா" என்று வாய்ப்பேச்சு. பாதிக்கு மேல் அட்வான்ஸ். லாரி வந்தபோது எடைச்சீட்டு இல்லை. கேட்டதற்கு மேஸ்திரி டேப்பை எடுத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கினார். எல்லாம் சேர்த்து 141 கன அடி. கன அடிக்கு 75 கிலோ. "பத்தரை டன் வருதும்மா. நமக்குள்ள என்ன, ஒம்போதுன்னு போட்டுக்குறேன்" என்றார். ஒன்றரை டன் குறைத்துக்கொண்டாரே என்று வீட்டுக்கார அம்மாவும் சரி என்றுவிட்டார்.

75 கிலோ என்பது பொய்க் கணக்கு இல்லை, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர்க் கருங்கல் ஒரு கன மீட்டருக்கு 2.65 முதல் 2.75 டன் வரை இருக்கும், அடிக் கணக்கில் அது ஏறத்தாழ 75 கிலோதான். ஆனால் அது சதுரமாக வெட்டிய கல்லுக்குப் பொருந்தும் கணக்கு. உருண்டைக் கல்லை டேப்பில் அளந்தால், அந்தக் கல் அடங்கும் பெட்டியின் அளவுதான் கிடைக்கும். பூசணிக்காயைப் பெட்டிக்குள் வைத்தால் மூலைகளெல்லாம் காலியாகக் கிடக்குமே, அந்தக் காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். உருண்டையான பொருள் தன் பெட்டியில் பாதியை, சரியாகச் சொன்னால் 52 சதவீதத்தைத்தான் அடைக்கும். ஆகவே அடிக் கணக்கில் நீளம் × அகலம் × உயரம் × 40 கிலோ. இந்த ஒரு வரியைப் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தனிக் கல்லுக்கு 15, 20 சதவீதம் முன்னேபின்னே இருக்கும். பத்துப் பதினைந்து கல்லைச் சேர்த்துப் பார்க்கும்போது ஓரளவு சரியாகவே வரும்.

141 × 40 = 5,640 கிலோ. தை மாதம் அந்தக் கற்களைத் திரும்பவும் தூக்கி வைக்க நேர்ந்தது. அப்போது செயின் பிளாக் (சங்கிலியை இழுத்து எடை தூக்கும் கருவி) கொக்கிக்கும் கல்லைக் கட்டிய பெல்ட்டுக்கும் நடுவில் தொங்கு தராசு மாட்டி ஒவ்வொரு கல்லாக எடை பார்த்தபோது மொத்தம் 5,710 கிலோ. பில் போட்டது 9 டன். குறைத்துக்கொடுத்ததாகச் சொன்ன பிறகும் மூன்றேகால் டன்னுக்கு இல்லாத கல்லுக்குப் பணம் போயிருக்கிறது.

எடைச்சீட்டு கொடுத்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். சீட்டில் வண்டி எண், தேதி, நேரம், காலி வண்டி எடை, லோடு வண்டி எடை ஐந்தும் இருக்க வேண்டும். காலி எடையையும் லோடு எடையையும் ஒரே எடை மேடையில், அதே நாளில் போட்டிருக்க வேண்டும். பழைய சீட்டில் இருந்த காலி எடையை எழுதிவிட்டு, லோடு எடை போடும்போது வண்டியில் நனைந்த மணலும் ஆறு ஆட்களும் இருந்தால், அதெல்லாம் கல் விலைக்கு விற்பனையாகிவிடும். முடிந்தால் எடை மேடை எது என்று நீங்களே சொல்லுங்கள், கூடவே போய் நில்லுங்கள்.

யூனிட் கணக்கில் வாங்கினால் அது வேறு கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆனால் வண்டியில் கொட்டிய கல்லுக்கு நடுவில் நிறைய இடைவெளி இருக்கும். 100 கன அடிக் குவியலில் உண்மையான கல் 60 கன அடி அளவுக்குத்தான் தேறும், அதாவது நாலரை டன் பக்கம். "ஒரு யூனிட் ஏழரை டன்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எடை தெரியாததால் பணம் மட்டும் போகவில்லை. வேலைக்கு நாலு பேர் வந்தார்கள். இரண்டு கடப்பாரை, ஒரு நைலான் கயிறு, காலில் ரப்பர் செருப்பு. கிரேன் உள்ளே வர முடியாது: 12 அடிச் சந்து, மேலே ஈ.பி. கம்பி. கேட்டிலிருந்து கல் வைக்கும் இடம் 40 அடி. பெரிய கல் 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம், அதாவது 800 கிலோ. அந்த எடை தெரிந்திருந்தால் எந்த மேஸ்திரியும் இந்தச் சாமான்களோடு ஆட்களை அனுப்பியிருக்க மாட்டார்.

பிசகு நடந்த இடத்தைச் சொல்கிறோம். கடப்பாரைக்குக் கீழே அண்டையாக, அதாவது கடப்பாரை ஊன்றி நெம்பும் தாங்கலாக, ஒரு செங்கல்லை வைத்தார்கள். கடப்பாரை நுனி கல்லுக்கடியில் இரண்டு விரல்கடை கூடப் போகவில்லை. ஒருவர் முழு பாரத்தையும் போட்டு அழுத்த, செங்கல் நடுவில் பிளந்து பொடியானது. கடப்பாரை வழுக்கி வெளியே வந்தது. அரை அடி எழும்பியிருந்த கல் திரும்ப உட்கார்ந்தது. முட்டுக் கட்டையைக் கையால் தள்ளிக்கொண்டிருந்த பையனின் நடுவிரல் நுனி அதற்கடியில் மாட்டிக்கொண்டது. நகம் போய் எலும்பிலும் விரிசல். ஆஸ்பத்திரிச் செலவை வீட்டுக்காரர்தான் கொடுத்தார். ஒப்பந்தக்காரர் போனை எடுக்கவில்லை.

செய்ய வேண்டிய முறை இது. அண்டைக்கு நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம் கெட்டி மரக்கட்டை, செங்கல் கூடவே கூடாது. 5 அடிக் கடப்பாரையில் நுனியிலிருந்து 5 அங்குலத்தில் அண்டை இருந்தால், கைப்பக்கம் 55 அங்குலம், அதாவது 11 மடங்கு பலம். ஒரு ஓரத்தை மட்டும் எழுப்புவதால் பாதி எடைதான் நுனிக்கு வரும். 800 கிலோ கல்லுக்கு 400 கிலோ, கையில் 40 கிலோவுக்கும் குறைவான அழுத்தம் போதும். ஒரே ஆள் சாதாரணமாகச் செய்யலாம். ஆனால் கை இரண்டடி கீழே வந்தால் கல் இரண்டு அங்குலம்தான் எழும்பும். பலர் இதற்குப் பொறுமை இல்லாமல் அண்டையைத் தள்ளி வைத்து ஒரே தூக்காகத் தூக்கப் பார்க்கிறார்கள், விபத்து அதில்தான். இரண்டு அங்குலம் எழுப்பு, இரண்டு அங்குலக் கட்டை கொடு, மறுபக்கம் போ, அங்கே எழுப்பு. கட்டையை இன்னொரு நீளக் கழியால் தள்ள வேண்டும். விரல் ஒருபோதும் கல்லுக்கடியில் போகக் கூடாது. சத்தம் கொடுப்பவர் ஒருவர்தான். "ஐலசா" சொன்னால்தான் அழுத்தம், அவர் நிறுத்தச் சொன்னால் அப்படியே நிற்க வேண்டும்.

நகர்த்துவதற்கு உருளை. 2 அங்குல ஜி.ஐ. குழாய் அல்லது நேரான சவுக்குக் கட்டை 5 துண்டு, கல் அகலத்தைவிட ஓரடி நீளமாக. கீழே இரண்டு அங்குலப் பலகை இரண்டு வரிசை, கல்லுக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு பலகை. உருளைகளில் குறைந்தது மூன்று எப்போதும் கல்லுக்கடியில் இருக்க வேண்டும், பின்னால் வெளியே வந்ததை எடுத்து முன்னால் போட வேண்டும். பலகை இல்லாமல் மண்ணில் நேராக உருளை போட்டால் அது புதைந்துபோகும், வேளச்சேரிக் களிமண்ணில் ஒரு மழை பெய்த மறுநாள் சொல்லவே வேண்டாம். வெறும் மண்ணில் இழுத்தால் கல் எடையில் பாதிக்குமேல் இழுவை வேண்டும், பலகையும் உருளையும் போட்டால் அது இருபதில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அந்த வீட்டில் பலகையும் இல்லை, உருளையும் இல்லை. புரட்டிப் புரட்டித் தள்ளிப் போனதில் 9 டைல்ஸ் உடைந்தது. மழைநீர்த் தொட்டியின் மூடியும் பிளந்தது.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை வீடுகளில் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில்தான் சம்ப், செப்டிக் டேங்க், 2003-க்குப் பிறகு கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டி, சேம்பர், மெட்ரோ வாட்டர் குழாய் எல்லாம் இருக்கும். சம்ப் மேல் தளம் பெரும்பாலும் 4, 5 அங்குலம்தான், நாம் நடந்து போவதற்குப் போட்டது. 800 கிலோ கல் ஒரு முனையில் நின்று புரளும்போது மொத்த பாரமும் உள்ளங்கை அளவு இடத்தில் இறங்கும். கல் வரும் பாதையில் இவை எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். "பலகை போட்டுட்டா ஒண்ணும் ஆகாது சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுற்றிப் போக வழி இல்லையென்றால் சின்னக் கல்லாக வாங்குங்கள்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு பல வீடுகளில் முன்புறத்தை உயர்த்திவிட்டார்கள், கேட்டில் சாய்தளம் செங்குத்தாக இருக்கிறது. ஆறடிக்கு ஓரடி ஏறும் சரிவில் 800 கிலோ கல் பின்னோக்கி 130 கிலோ இழுக்கும். உருளை மேல் இருப்பதால் தடுக்க எதுவும் இருக்காது. ஒவ்வொரு அரை அடிக்கும் பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே போக வேண்டும், முன்னால் ஒரு கயிறு மரத்தையோ தரையில் ஆழமாக அடித்த முளையையோ இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். கேட் தூணில் கட்டவே கூடாது, 9 அங்குலச் செங்கல் தூண் பக்கவாட்டு இழுவையைத் தாங்காது. நைலான் கயிறும் கூடாது. அது நீளும், அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும்.

செயின் பிளாக், மூன்று கால் ஸ்டாண்ட் கொண்டுவருகிறவர்களாக இருந்தால் நல்லது, ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். கால்கள் விரியாமல் கீழே சங்கிலி கட்டியிருக்கிறார்களா. டைல்ஸ் மேல் இது இல்லாமல் ஸ்டாண்ட் படுத்துவிடும். பெல்ட்டின் நிறம்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், எடை அளவு எழுதிய சீட்டு கிழிந்த பெல்ட்டாக இருந்தால் வேண்டாம். கடைசியாகக் கோணம். கொக்கியிலிருந்து இரண்டு கால் பெல்ட் தட்டையாக விரிந்து தரையோடு 30 டிகிரிக்கு வந்தால், ஒவ்வொரு காலும் கல்லின் முழு எடையைத் தாங்குகிறது. 60 டிகிரியில் அது 58 சதவீதம்தான். நீளமான பெல்ட் கேளுங்கள், கூர்முனையில் கோணி மடித்து வையுங்கள்.

சின்னக் கல்லைக் கையால் தூக்குவதற்கும் வரம்பு உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967 பரிந்துரை ஒரு ஆணுக்கு அதிகபட்சம் 55 கிலோ என்கிறது. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள உருண்டைக் கல்லே 60 கிலோ. அதற்கு மேல் போனால் சங்கிலியும் தோள்கட்டையும், இரண்டு பேரோ நாலு பேரோ. "ஒரு ஆளு தூக்கிருவான் சார்" என்பது அந்த ஆளின் முதுகை வைத்துச் செய்யும் சிக்கனம். வீட்டுக்காரர்கள் அதை அனுமதிக்கக் கூடாது.

கல்லை உட்கார வைத்த விதமும் மோசம். புதிதாகக் கொட்டிய லாரி மண்ணில், திமிசு போட்டு இடித்து இறுக்காமல், அப்படியே மேலே வைத்துவிட்டார்கள். கல்லை உடைத்தெடுத்த பக்கம், துளை போட்ட தடத்தோடு, மேலே. இரண்டு பெரிய மழையில் மண் இறங்கி 600 கிலோ கல் ஒன்று காம்பவுண்டு சுவர் பக்கம் சாய்ந்தது. அந்தச் சந்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

சரியான முறையில், கல்லின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி குழி எடுத்து, களிமண்ணை நீக்கி, 6 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் இரண்டு அங்குலம் எம் சாண்ட், தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்து, அகலமான பக்கம் கீழே வைக்க வேண்டும். வெயில் மழை பட்டுப் பாசி படர்ந்த முகம் மேலே. சுற்றிலும் மண்ணை 4 அங்குலப் படலமாகப் போட்டுப் போட்டு இடிக்க வேண்டும். அப்போதுதான் கல் அங்கேயே முளைத்த மாதிரி தெரியும். பள்ளிக்கரணைப் பக்கம் களி ஆழமாக இருக்கும் இடத்தில் ஜல்லியை 9 அங்குலமாக்குங்கள். ஈ.சி.ஆர். மணலில் ஜல்லி குறைவாகப் போதும்.

கல்லின் தரத்தை வண்டியிலேயே பாருங்கள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள், கறுப்பு ஒட்டினால் எண்ணெயோ சாயமோ பூசியிருக்கிறார்கள், ஒரு மழையில் போய்விடும். கல்லை வண்டியில் கொண்டுவர அனுமதிக்கும் நடைச்சீட்டைக் கேளுங்கள். கனிம வளத் துறை நடைச்சீட்டு இல்லாமல் வரும் கல், மலையடிவாரத்திலோ ஆற்றிலோ திருட்டுத்தனமாக எடுத்ததாக இருக்கலாம். வண்டி பிடிபட்டால் உங்கள் அட்வான்சும் அதோடு போகும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். சரிவரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

இனிமேல் பேசப் போகிறவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த எடை மேடை, எத்தனை கல், கேட்டிலிருந்து எந்த இடம் வரை, எவ்வளவு ஆழம், என்ன சாமான், உடைந்தாலும் ஆளுக்கு அடிபட்டாலும் யார் பொறுப்பு. கால்வாசிப் பணத்தைக் கையில் வையுங்கள். நல்ல மழை ஒன்று பெய்து பத்து நாள் ஆன பிறகு ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் ஏறி நின்று பாருங்கள், ஆடுகிற கல்லைத் திரும்ப வைத்துக் கொடுத்த பிறகு மீதியைக் கொடுங்கள்.