ஆல்பனியா, பர்மிங்ஹாமா? மார்ட்டின் லூதர் கிங்கின் இரண்டு களங்கள்

அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் கிங்கின் வாழ்க்கையில் ஒரே ஒரு போராட்டத்தைத்தான் படிக்க முடியும் என்றால் பலரும் அலபாமா மாநிலத்தில் 1963-இல் நடந்த பர்மிங்ஹாம் போராட்டத்தைக் காட்டுவார்கள். நான் அதற்கு முன் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி நகரில் நடந்ததைச் சொல்வேன், அதில் அவர் தோற்றார் என்பதாலேயே.

1961 டிசம்பரில் அவர் அங்கே போனபோது பேருந்து நிலையம், நூலகம், பூங்கா என்று எல்லா இடத்திலும் இனப்பிரிவினையை ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் விவரமான ஆள். கேமரா முன்னால் தடியைத் தூக்கவில்லை, கைதானவர்களைச் சுற்றுவட்டாரச் சிறைகளுக்குப் பிரித்து அனுப்பினார், அதனால் போராட்டக்காரர்கள் நினைத்தபடி சிறையும் நிரம்பவில்லை, பத்திரிகைகளுக்குப் பெரிய படமும் கிடைக்கவில்லை. அபராதம் கட்டாமல் சிறைக்குப் போன கிங்கை, யாரோ பணம் கட்டிவிட்டார்கள் என்று வெளியே அனுப்பியதுதான் வேடிக்கை! 1962 ஆகஸ்டில் ஏறக்குறைய வெறுங்கையோடு கிளம்பினார்.

பர்மிங்ஹாமில் குறியைச் சுருக்கினார்கள்: நகர மையக் கடைகள், அதுவும் ஈஸ்டர் வியாபார நேரத்தில். எதிரே இருந்த, நகரக் காவல்துறைக்குப் பொறுப்பான புல் கானருக்கோ பொறுமை கிடையாது. மே மாதம் ஊர்வலம் வந்த பள்ளிப் பிள்ளைகள் மீது நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவ, படங்கள் உலகமெங்கும் போயின. மே 10-இல் கடைக்காரர்களோடு உடன்பாடு, அடுத்த வருடம் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைச் சட்டம்.

சரி, பிள்ளைகளை முன்னால் விட்டது நியாயமா? இன்னொரு கறுப்பினத் தலைவரான மால்கம் எக்ஸ் அன்றே கண்டித்தார். எனக்கும் அது உறுத்துகிறது, ஆனாலும் அவர்கள் வராமல் அந்த உடன்பாடு அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கும் என்று தோன்றவில்லை.