கிழ நாயின் இரவு அலைச்சல்: தூக்க மாத்திரையா, வலி மருந்தா, பகல் வெயிலா?

பத்து வயதைத் தாண்டிய நாய் நள்ளிரவில் எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறது. டைல்ஸ் தரையில் நகம் தட்டும் சத்தம் ஓயவில்லை. படுக்கிறது, எழுகிறது, காரணமில்லாமல் ஒருமுறை குரைக்கிறது. இப்படி நாலு நாள் போனால், "அவில் அரை மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

முதலில் கைக்கு வருவது அந்த மாத்திரை என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். அது ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கம் அதன் பக்கவிளைவு. நாய் அலைவது அரிப்பினால் என்றால் ஓரளவு பலன் தெரியும். வேறு காரணம் என்றால் சில மணி நேர மந்தம்தான் கிடைக்கும். மூளை தளர்ந்த கிழ நாய்க்குக் குழப்பம் கூடவும் செய்யலாம். தூக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான மெலட்டோனின் மாத்திரை இதைவிட மென்மையானது. ஆனால் மனிதர்களுக்கான மெல்லும் வகைகள் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருப்பார்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று கீழே இறக்கிவிடும். எதைக் கொடுப்பதானாலும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். தூக்க வழியின் பெரிய குறை வேறு: நாய் அடங்கிவிடுகிறது, ஏன் அலைந்தது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

என் ஓட்டு வலியைத் தேடுவதற்கே. மூட்டுத் தேய்மானம் உள்ள நாய் பகலில் நொண்டிக் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரவில் ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் எழுந்து நடக்கிறது. அது படுப்பதைக் கவனித்துப் பாருங்கள். மூன்று நான்கு சுற்று சுற்றும், பின்னங்காலை மடக்கப் போய் நிறுத்தும், பிறகு பொத்தென்று விழும். எழும்போது முன்னங்காலால் உடம்பை இழுக்கும். அறை குளிர்ச்சியாக இருக்கும்போதே மூச்சு வாங்கும். இதைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். மருத்துவமனை மேசையில் நிற்கும் நாய் எதையும் காட்டாது.

சந்தேகம் இருந்தால், சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு, நாய்களுக்கான வலி மருந்தான மெலாக்சிகாம் அல்லது கார்ப்ரோபென் சில வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். இரவு அமைதியானால் விடை கிடைத்துவிட்டது. மற்ற வழிகளுக்கு இல்லாத தெளிவு இது. பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குடல் புண்ணாகும். ஸ்டீராய்டு தானே தாகத்தையும் இரவு அலைச்சலையும் கிளப்பும். நமது அலமாரியில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரோபென் பக்கம் மட்டும் போகாதீர்கள், இரண்டும் நாய்க்கு நஞ்சு. மருந்தோடு தடிமனான மெத்தையும், நடக்கும் வழியில் வழுக்காத விரிப்பும் போட்டுப் பாருங்கள். பளபளக்கும் தரை நம் வீடுகளின் பெருமை, கிழ நாய்க்கு அது பெரும் சோதனை.

வலி இல்லை என்றால் அடுத்த சந்தேகம் மூளைத் தளர்ச்சி, அதாவது வயதால் வரும் மறதியும் குழப்பமும். கலிபோர்னியாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதமும், 15, 16 வயதில் 68 சதவீதமும் அதன் அறிகுறி ஒன்றையாவது காட்டின. கதவு திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் பக்கம் நின்று காத்திருக்கும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துவிட்டுப் பின்வாங்கத் தெரியாமல் நிற்கும். இதற்குப் பகல் ஒழுங்கும் மருந்தும் போட்டியாளர்கள்.

பகல் ஒழுங்குக்குச் செலவில்லை, ஆள் வேண்டும். காலை வெயிலில் கொஞ்சம், மாலையில் மெதுவான நடை, நடுவில் முகர்ந்து தேடித் தின்னச் சில துண்டுகள், படுக்கப் போகுமுன் கடைசியாகச் சிறுநீருக்கு வெளியே. எல்லாரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் நாய் பகல் முழுக்கத் தூங்குகிறது. இரவில் விழித்திருக்காமல் என்ன செய்யும்? மருந்து என்றால் செலிஜிலின் மாத்திரை; அதற்கு அமெரிக்காவில் 1998-இல் நாயின் மூளைத் தளர்ச்சிக்கென்றே அனுமதி கிடைத்தது. பலன் தெரிய ஒரு மாதம்கூட ஆகலாம், எல்லா நாய்க்கும் கேட்பதுமில்லை. உண்ணிக்கு அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டும் வீடுகள் கவனிக்க வேண்டும்: செலிஜிலினும் அமிட்ராஸும் சேரவே கூடாது. நான் பகல் ஒழுங்கை முதலில் வைத்து, போதாதபோது மாத்திரையைச் சேர்ப்பேன்.

தேங்காய் எண்ணெய் மூளைக்கு நல்லது என்ற பேச்சும் உண்டு. ஆய்வுகளில் பயன்பட்டது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு மட்டும் பிரித்த எண்ணெய். நம் செக்கு எண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றினால் வயிற்றுப்போக்கும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியும்தான் மிச்சம்.

தண்ணீர்க் கிண்ணத்தை இரவில் எடுத்துவிடுவது இன்னொரு வீட்டு வழி. இதை முழுதாகத் தள்ளுகிறேன். வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும் கிழ நாய்க்குச் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம். கிண்ணத்தை எடுத்தால் உடல் வறளும்.

வராந்தாவில் கட்டிப்போடுவதா, அறைக்குள் படுக்க வைப்பதா? கண்ணும் காதும் மங்கிய நாய்க்கு ஆள் வாசனை பக்கத்தில் இருப்பதே பாதி மருந்து. அறையில் மூலையோரமாக மெத்தை, வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு போதும்.

இவற்றில் எதற்கும் காத்திருக்கக் கூடாத இரவு ஒன்று உண்டு. வயிறு உப்பி, வாந்திக்கு முயன்றும் ஒன்றும் வராமல், எச்சில் ஒழுக நாய் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களில் இது அதிகம். விடியும்வரை பார்க்காமல், இரவிலும் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்கு வண்டியை எடுங்கள்.