ரோப்பர் ரிவால்விங் ஷாட்கன்: ஒரிஜினல் தோட்டாவோட கிடைச்சா விடாதீங்க

பழைய ரிவால்விங் ஷாட்கன், அதாவது ரிவால்வர் மாதிரி தோட்டா சுத்தி வர்ற ஷாட்கன், சேர்க்க ஆரம்பிக்கிறவங்க முக்கால்வாசி பேர் கோல்ட் கம்பெனியோட 1855 மாடலைத்தான் தேடுவாங்க, நானும் அமெரிக்காவுல ஏலத்துக்கு முன்னாடி பொருளைப் பார்க்க விடுற அன்னைக்குப் போனா முதல்ல அதைத்தான் கையில எடுப்பேன், அஞ்சு அறை சிலிண்டர், பேரல் துளை அளவு 10 கேஜ் 20 கேஜ் ரெண்டும் உண்டு, பக்கவாட்டுல ஹாமர், கோல்ட் இன்ஜினியர் எலிஷா ரூட் டிசைன், அவ்ளோ கம்பீரம். ஆனா ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா என் காசு ரோப்பருக்குத்தான்.

காரணம் உள்ள இருக்கிற வேலைப்பாடு. கோல்ட்ல சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கும், சுடுறப்ப அது வழியா நெருப்பு பீச்சும், சில நேரம் பக்கத்து அறை மருந்தும் சேர்ந்து பத்திக்கும், பேரலுக்கு அடியில பிடிச்சிருக்கிற கைதான் அதுக்கு நேரா இருக்கும். ரோப்பர்ல அந்தப் பிரச்சினையே வராத மாதிரி யோசிச்சிருக்காங்க. அதுல சுத்துறது நாலு தோட்டாவைச் சுமக்கிற ஒரு கூடு மட்டும்தான், அதுவும் மூடின உறைக்குள்ள. ஹாமரை இழுத்தா போல்ட், அதாவது தோட்டாவைத் தள்ளுற தண்டு, பின்னாடி வரும், சுட்ட தோட்டா கூட்டுக்குள்ள திரும்பிரும், கூடு அடுத்த தோட்டாவுக்குத் திரும்பும், ட்ரிகரை அழுத்தினா போல்ட் பாய்ஞ்சு அந்தத் தோட்டாவை பேரலுக்குள்ள தள்ளி அங்கேயே வெடிக்க வைக்கும். 1866ல பேட்டன்ட் வாங்கின ஐடியாங்க இது! 1868லயே பேரல் முனையில திருகி மாட்டுற சோக்குக்கும், அதாவது குண்டு ரொம்ப சிதறாம முனையைக் குறுக்குற துண்டுக்கும், பேட்டன்ட் வாங்கிட்டார் இந்தத் துப்பாக்கியை உருவாக்கின சில்வெஸ்டர் ரோப்பர். நீராவி சைக்கிள் செஞ்சு ஓட்டின அதே மனுஷன்தான், 1896ல அதை ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே இறந்துட்டார்.

வாங்கும்போது தோட்டாவை நல்லா பாருங்க. இரும்புல செஞ்சது, பின்பக்கம் மருந்தைப் பத்த வைக்கிற சின்ன கேப் மாட்டி, திரும்பத் திரும்ப மருந்து அடைச்சு சுடுற மாதிரி. துப்பாக்கி கிடைச்சாலும் அது கிடைக்காது, ஒரு இடத்துல ஒரிஜினல்னு எழுதி வச்சிருந்தாங்க, கையில எடுத்தா லேத்துல புதுசா கடைஞ்ச கோடு அப்படியே தெரியுது, விலை மட்டும் ஒரிஜினல் விலை. அப்புறம் செஞ்ச ஊரான ஆம்ஹர்ஸ்ட், மாசசூசெட்ஸ்னு இருக்கிற முத்திரை தேயாம இருக்கா, ஸ்க்ரூ தலையெல்லாம் சிதையாம இருக்கா, பேரல் முனையில மரை இருந்தா கூடவே சோக்கும் வருதான்னு பாருங்க. ஸ்பேர் பார்ட்ஸ்னு எதுவும் கடையில கிடைக்காது, உடைஞ்சா நல்ல கன்ஸ்மித்கிட்ட புதுசா செஞ்சுதான் போடணும், அதனால சுட்டுப் பார்க்கிற ஆசையெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம்.

சட்டம்னு பார்த்தா அமெரிக்க ஃபெடரல் சட்டத்துல 1898 வரைக்கும் செஞ்சது ஆன்டிக் கணக்குல வந்துரும், ஆனா மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விசாரிச்சுட்டு வாங்குங்க.

இன்னொண்ணு, பாலிஷ் போட்டு பளபளன்னு வச்சிருந்தா நான் பாதி விலைக்குக் கூட கேட்க மாட்டேன். பழுப்பேறி, மரத்துல நாலு கீறலோட, யாரும் கை வைக்காம வந்த ரோப்பர்னா பேரமே பேசாம எடுத்துருவேன்.