டிராஃப்டில் பெயர் வராதவருக்கு: ஜி லீக்கா, ஐரோப்பாவா, ஆசியாவா?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, புதிய ஆட்டக்காரர்களை அணிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். அதில் 30 அணிகள், இரண்டு சுற்றுகள், அதிகபட்சம் 60 பெயர்கள். அதிலும் ஒரு பங்கு வெளிநாட்டு இளைஞர்களுக்குப் போய்விடும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவிலோ 350-க்கும் அதிகமான அணிகள் இருக்கின்றன. நான்கு ஆண்டுகள் நன்றாக ஆடியவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு அந்த ஜூன் மாத இரவில் பெயர் வராது. அதன்பின் ஏஜென்ட் மேசையில் வைப்பது மூன்று பாதைகளை: என்பிஏவின் கிளை லீக்கான ஜி லீக், ஐரோப்பிய கிளப், ஆசியாவில் 'இம்போர்ட்', அதாவது வெளிநாட்டு ஆட்டக்காரர் வேலை.

முதல் சிக்கல் பணமல்ல, நாள்காட்டி. ஐரோப்பிய கிளப்புகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுப்பது பெரும்பாலும் ஜூலையில். ஆகஸ்டில் அங்கே பயிற்சி தொடங்கிவிடும். என்பிஏ அணிகள் தங்கள் 15 பேர் பட்டியலை முடிப்பதோ அக்டோபரில். என்பிஏவின் பதில் தெரியும்வரை காத்திருந்தால் ஐரோப்பாவின் நல்ல இடங்கள் நிரம்பிவிடும். ஜூலையில் கையெழுத்திட்டால் என்பிஏ முகாமுக்கான வாய்ப்பு போய்விடும்.

ஜி லீக்: காகிதத்தில் தெரியாத கணக்கு

2024-25 பருவத்தில் ஜி லீக்கின் சாதாரணச் சம்பளம் 43,000 டாலர். தங்குமிடமும் காப்பீடும் லீக் பொறுப்பு. இதை மட்டும் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் யாரும் நேராக இந்த ஒப்பந்தத்துக்குப் போகக் கூடாது. 'எக்ஸிபிட் 10' என்ற இணைப்புள்ள என்பிஏ முகாம் ஒப்பந்தத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். முகாமில் கழித்துவிடப்பட்ட பிறகு, அதே அணியின் ஜி லீக் கிளையில் 60 நாள் இருந்தால் கூடுதல் போனஸ் உண்டு. அந்தப் பருவத்தில் அதன் உச்சவரம்பு 77,500 டாலர். இரண்டும் சேர்ந்தால் 1,20,500. ஜெர்மனி, இத்தாலியின் இரண்டாம் பிரிவில் முதல் ஆண்டுக்காரருக்கு இவ்வளவு வராது. கவனிக்க வேண்டியது ஒன்று: 77,500 என்பது உச்சவரம்புதான். அணி எழுதிக் கொடுக்கும் தொகை அதைவிட மிகக் குறைவாகவும் இருக்கலாம்.

இதற்கு மேலே 'டூ-வே' ஒப்பந்தம்: என்பிஏ அணிக்கும் அதன் கிளை அணிக்கும் மாறி மாறி ஆடுவது. ஓர் அணிக்கு மூன்று பேர், அதிகபட்சம் 50 என்பிஏ ஆட்டங்களில் பட்டியலில் இடம், 2024-25-ல் 5,78,577 டாலர். அலெக்ஸ் கருசோவின் வழி இதுதான். டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் நான்கு ஆண்டுகள், 2016 டிராஃப்டில் பெயர் இல்லை, ஒக்லஹோமா சிட்டியின் கிளை அணியில் ஒரு பருவம், 2017-ல் லேக்கர்ஸின் டூ-வே. 2020-ல் லேக்கர்ஸோடும் 2025-ல் ஒக்லஹோமா சிட்டியோடும் கோப்பை வென்றார்.

தவறு நடக்கும் இடம் ஆட்ட நேரம். டூ-வே ஆட்டக்காரர்களுக்கும், மேலிருந்து பயிற்சிக்காக அனுப்பப்படும் இளைஞர்களுக்கும்தான் பயிற்சியாளர் முதலில் நிமிடம் ஒதுக்குவார். அவர்களை வளர்க்கத்தான் கிளை அணியே இருக்கிறது. சாதாரண ஒப்பந்தக்காரர் மீதி நிமிடங்களில் தன்னைக் காட்ட வேண்டும். காட்டத் துடிக்கும்போது பந்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறார். என்பிஏ தேடுவதோ, நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்று தடுப்பாட்டம் ஆடி, மூலையிலிருந்து மூன்று புள்ளி போடக்கூடியவரை. கருசோ மேலே போனது புள்ளி குவித்து அல்ல. எங்கள் கணிப்பில் ஜி லீக்குக்கு ஒரு பருவம் சரி, இரண்டாவது எல்லை. மூன்றாவது பருவமும் அங்கேயே என்றால், ஐரோப்பாவில் சம்பளம் ஏற வேண்டிய வயதைத் தின்றுவிட்டார் என்று அர்த்தம்.

ஐரோப்பா: வேறு விளையாட்டு, வேறு ஒப்பந்தம்

ஐரோப்பாவில் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளில்; அவற்றில் முதல் மாதமே தடுக்கிவிழும் இடங்கள் சில உண்டு. முதல் டிரிபிளுக்கு (பந்தைத் தரையில் தட்டுவதற்கு) பந்து கையைவிட்டுக் கிளம்புமுன் ஊன்றிய கால் எழுந்தால் விசில்; அமெரிக்காவில் கண்டுகொள்ளாமல் விட்ட அதே அசைவு இங்கே டிராவலிங் என்ற நடைப்பிழை. வளையத்தைத் தொட்டுவிட்ட பந்தை, அது வளையத்தின் மேலேயே இருந்தாலும் யாரும் தட்டலாம். கல்லூரியில் அது குற்றம் என்பதால் அமெரிக்க சென்டர்கள் பழக்கத்தில் கையை இழுத்துக்கொண்டு ரீபவுண்டை இழக்கிறார்கள். தாக்கும் நேரம் கல்லூரியின் 30 விநாடி இல்லை, 24. என்பிஏவில் தடுப்பவர் ஆள் பிடிக்காமல் வளையத்தின் கீழே 3 விநாடிக்கு மேல் நிற்க முடியாது. இங்கே அந்தத் தடை இல்லாததால் உயரமானவர் ஆட்டம் முழுக்க அங்கேயே நிற்பார். வேகத்தால் மட்டும் உள்ளே புகுந்து பழகிய கார்டுக்கு (வெளியிலிருந்து பந்தை நகர்த்தும் ஆட்டக்காரருக்கு) இது சுவர். கல்லூரியில் 22 புள்ளி எடுத்தவர் 10-க்கு இறங்குவதில் அதிசயமில்லை. ஆட்டமே 40 நிமிடம்தான், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு.

இடம் கிடைப்பதும் கடவுச்சீட்டைப் பொறுத்தது. ஸ்பெயினின் முதல் பிரிவான ஏசிபியில் ஐரோப்பியக் கணக்கில் சேராத ஆட்டக்காரர் அணிக்கு இரண்டே பேர். ஜெர்மனியின் முதல் பிரிவில் 12 பேர் பட்டியலில் பாதி ஜெர்மானியர். அதனால் முதல் வேலைக்கு ஸ்பெயினைவிட ஜெர்மனியின் வாசல் அகலம். தாத்தா பாட்டி வழியில் ஐரோப்பியக் குடியுரிமைக்கு வழி இருந்தால் கல்லூரியில் இருக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது. ஒரே திறமைக்கு மதிப்பு ஒரு படி ஏறிவிடும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, விதிகளை. சம்பளம் வரி போக நிகரமா. வீடு, கார், விமானச் சீட்டுகள் எழுத்தில் உள்ளனவா. ஏஜென்ட் கட்டணத்தைக் கிளப் தருகிறதா. சம்பளம் எத்தனை நாள் தாமதமானால் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீதிப் பணத்தையும் கேட்கலாம் என்பதற்கு ஒரு நாள் எண்ணிக்கை கட்டாயம் வேண்டும். தகராறு ஜெனீவாவில் உள்ள ஃபிபாவின் நடுவர் மன்றமான பிஏடிக்குப் போகும் என்ற வரியும் வேண்டும். 2007-ல் உருவான அந்த மன்றத்தில் பொதுவாக ஒரே நடுவர், ஆங்கிலத்தில் விசாரணை. அந்த வரி இல்லாவிட்டால் உள்ளூர் நீதிமன்றம், உள்ளூர் மொழி, உள்ளூர் வேகம். மருத்துவப் பரிசோதனை வந்திறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் முடிய வேண்டும் என்றும் எழுதிவாங்க வேண்டும். இல்லையென்றால் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்ற பிறகு திடீரென்று 'முழங்கால் பழுது' கண்டுபிடிக்கப்படும். இந்த லீக்குகளில் கடைசி இடத்து அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். அந்தப் பயத்தில் முதலில் மாற்றப்படுபவர் வெளிநாட்டுக்காரர்தான்.

என்பிஏவுக்குத் திரும்ப ஆசை இருந்தால், எந்தத் தேதிவரை, எவ்வளவு பைஅவுட் (விடுவிப்புத் தொகை) கட்டி வெளியேறலாம் என்ற விதி தேவை. வரியிலும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்கக் குடிமகன் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமான விலக்குக்குப் பொதுவாக 12 மாதத்தில் 330 நாள் முழுதாக வெளியே இருந்தாக வேண்டும். கோடை முழுக்க ஊரில் இருந்தால் அந்தக் கணக்கு உடையும். அப்போது கைகொடுப்பது கிளப் கட்டிய வரிக்கான சான்றிதழ். அதை ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு முட்களுக்கும் ஈடு, ஏறுவதற்குப் படிகள் இருப்பது. கைல் ஹைன்ஸ் 198 செ.மீ. உயர சென்டர், அந்த இடத்துக்கு அது குட்டை என்பதால் என்பிஏ அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2008-ல் இத்தாலியின் இரண்டாம் பிரிவில் வெரோலியில் தொடங்கி, ஜெர்மனியின் பாம்பெர்க் வழியாக கிரீஸின் ஒலிம்பியாகோஸ் போய், ஐரோப்பாவின் உச்சப் போட்டியான யூரோலீக்கில் 2012, 2013 கோப்பைகள். ரஷ்யாவின் சிஎஸ்கேஏவோடு 2016, 2019. பி.ஜே. டக்கர் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்து ஆண்டு சுற்றி 2012-ல் ஃபீனிக்ஸ் அணி வழியாக என்பிஏவுக்குத் திரும்பினார். 2021-ல் மில்வாக்கியோடு என்பிஏ கோப்பை.

ஆசியா: நீங்கள்தான் அணி

இங்கே வெளிநாட்டுக்காரரின் வேலை ஒன்றே: புள்ளியும் ரீபவுண்டும் குவிப்பது. அமெரிக்கரான ஜிம்மர் ஃபிரெடெட் சீன லீக்கில் ஷாங்காய்க்காக 2017-ல் ஓர் ஆட்டத்தில் 73, 2018-ல் 75 புள்ளிகள் எடுத்தார். பிறகு கிரீஸின் பனாதினாய்கோஸுக்குப் போனபோது அந்தச் சராசரியில் பாதிகூட வரவில்லை. ஆசிய எண்ணிக்கையை ஐரோப்பிய, என்பிஏ தேர்வாளர்கள் தள்ளுபடி போட்டே படிக்கிறார்கள்.

நாடுகளும் ஒன்றல்ல. தென்கொரியாவில் 2024-25 பருவத்தில் இரண்டு வெளிநாட்டவர், களத்தில் ஒருவர். இரண்டாமவருக்குச் சம்பளம் உண்டு, நிமிடம் குறைவு. 2018-19-ல் அங்கே உயர வரம்பு 2 மீட்டர்; 202.1 செ.மீ. அளவு வந்த டேவிட் சைமன் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே விதியை எடுத்துவிட்டார்கள். ஜப்பானின் பி லீக்கில் 60 ஆட்டங்கள், பெரும்பாலும் சனி, ஞாயிறு அடுத்தடுத்து, முழங்காலுக்குச் சோதனை. பிலிப்பைன்ஸில் அணிக்கு ஒரே இம்போர்ட், 48 நிமிட ஆட்டம், இரண்டு தோல்விக்குள் மாற்று ஆள் விமானம் ஏறலாம். நிலைத்தால் ஜஸ்டின் பிரௌன்லீ போல ஆகலாம்: செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் ஆடி 2011 டிராஃப்டில் பெயர் வராதவர், 2023-ல் பிலிப்பைன்ஸ் குடியுரிமை பெற்று, அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அந்நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்.

எங்கள் தேர்வு இப்படி: தடுப்பாட்டமும் மூன்று புள்ளியும் உள்ள கார்டு, எக்ஸிபிட் 10 போனஸ் உச்சத்துக்குப் பக்கத்தில் என்றால் ஜி லீக். ஆட்டம் படிக்கத் தெரிந்த, உயரம் போதாத ஃபார்வர்டு ஜெர்மனி. தூரத்திலிருந்து எறியத் தெரியாத, உள்ளே பலமான உயரக்காரர் ஜப்பான். ஜி லீக் பருவம் வசந்தத்தில் முடிவதால், அங்கிருந்து நேரே போர்ட்டோ ரிக்கோவின் பிஎஸ்என் லீக்குக்குப் போய் இரண்டாவது சம்பளமும் வாங்கலாம். ஐரோப்பாவில் மே, ஜூன் வரை நீளும் பருவத்தில் கையெழுத்திட்டவருக்கு அந்த வசதி கிடையாது.